பாப்பாவின் எடை

மெழுகில் செய்த அப்பாவுக்கு உண்மையான அப்பாவைவிட முடி அதிகம். பெரியவளின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கண்காட்சிக் கூடத்தின் நட்டநடுவில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக, வாங்க வாங்க என்று ஊரையே அழைப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றார் பூங்காவின் நிறுவனர். உயிரோடு இருந்தபோது அவர் யாரையும் அப்படி அழைத்ததாக அவளுக்கு நினைவில்லை. சிரிப்பு வேறு. வாழ்நாள் முழுவதும் சிரிக்காமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் சேர்த்து ஒரே முகத்தில் ஒட்டிவிட்டார்கள் போலிருந்தது.

"எப்படி மேடம்? அச்சு அசல் ஐயாதானே?" என்று கேட்டான் டிசைனர். கூடத்தை அமைக்கும் பொறுப்பு அவனுடையது. கெட்டிக்காரன், ஆனால் வாய் ஓயாது. பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்.

"நல்லா இருக்கார். ஆனா இவர் யாருன்னுதான் தெரியல" என்றாள் பெரியவள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் கேலிக்குச் சொல்லவில்லை.

கூடம் முழுக்க அப்பாதான். மண்வெட்டியோடு அப்பா, ராட்டினத்துக்குப் பெயின்ட் அடிக்கும் அப்பா, முதல் டிக்கெட்டைக் கிழிக்கும் அப்பா, கரடி வேஷம் போட்ட ஆளோடு கைகுலுக்கும் அப்பா. அம்மா ஒரு படத்தில் ஓரமாக இருந்தாள். மகள் ஒன்றில்கூட இல்லை. தூர ஊரில் மருந்துக்கடை நடத்துகிறவள், "அப்பாவுக்குக் கூடம் வைக்கிறோம், சுவர்ல எழுதியிருக்கிறதெல்லாம் சரியான்னு வந்து பாரு" என்று அம்மா போன் செய்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தது எழுத்துப்பிழை திருத்துவதற்கல்ல. இத்தனை பெரிய கூடத்தில் தனக்கு ஒரு சாண் இடமாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். அப்பாவின் மனதில் தனக்கு இடம் இருந்ததா என்று இனி அவரிடம் கேட்க முடியாது. அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. சுவரிடம்தான் கேட்க வேண்டும். சுவர் கையை விரித்துவிட்டது.

அவளைப் பெரியவள் என்று கூப்பிட வேண்டுமானால் சின்னவள் என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டுமே. இருந்தாள். இரண்டு பேரும் இரட்டை. சற்று முந்திக்கொண்டு பிறந்ததால் இவள் பெரியவள். பூங்கா திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதில், சின்னவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் சொன்னது அப்படித்தான். சொன்னதும் ஒரே ஒரு தடவைதான். அதோடு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சின்னவளின் படம், பாவாடை, பொம்மை எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போயின. மிச்சம் நின்றது இவளுடைய பெயர் மட்டும்தான், ஜோடி தொலைந்த செருப்பு மாதிரி.

மெழுகு அப்பாவுக்குப் பின்னால் இருந்த பெரிய சுவரில், தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் ஒரு கதை எழுதியிருந்தார்கள். பூங்காவுக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த கதை. தினமும் காலையில், கதவு திறப்பதற்கு முன், ரோலர் கோஸ்டரின் முதல் சுற்றில் நிறுவனர் தாமே முன்பெட்டியில் ஏறி உட்கார்ந்து போய்வருவார். மழையானாலும் சரி, உடம்புக்கு முடியாமல் போனாலும் சரி, ஒரு நாளும் தவறியதில்லை. "என் விருந்தினர் உட்காரும் இடத்தில் முதலில் நான் உட்காருவேன்" என்று அவர் சொன்னதாக மேற்கோள் குறியெல்லாம் போட்டு எழுதியிருந்தது. அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசக்கூடிய ஆளில்லை.

படித்தபோது பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஊரே ஏறி இறங்கிய அந்த வண்டியில் முதலாளி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இடம் கிடைத்ததில்லை. கெஞ்சியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். "வேண்டாம்" என்ற ஒற்றைச் சொல்லோடு அப்பா எழுந்து போய்விடுவார். ஆனால் மிகச் சிறு வயதில் ஒரு நாள், எங்கோ வெயிலில், அப்பா குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "அடுத்த சுற்று உனக்கு" என்று சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த அடுத்த சுற்று வரவே இல்லை.

வந்ததெல்லாம் எடைதான்.

பிறந்தநாள் தவறாமல் அப்பா அவளைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே ஒரு பழைய எடை மெஷின் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் தலை நிமிர்த்தி, கடிகாரம் மாதிரி வட்ட முகத்தோடு இருக்குமே, அந்த மாதிரி. சாமான் நிறுப்பதற்காகப் பூங்காவுக்கு முதன்முதலில் வந்து இறங்கிய பொருள் அது. கட்டட வேலை நடந்த காலத்தில் அது ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. அம்மா சாப்பாடு எடுத்துக்கொண்டு வரும்போதெல்லாம் இரட்டைகள் இரண்டும் ஓடிப்போய் அதன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். "ஒருத்தி இறங்குங்கடி, யாரு எடைன்னே தெரியல" என்று அம்மா கத்துவாள். எந்தக் கழுதை இறங்கும்? சின்னவளைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்த நினைவு அந்த நெருக்கியடித்த நாலு காலும் அம்மாவின் கத்தலும்தான்.

பிறந்தநாளன்று அப்பா அவளை அதில் ஏற்றி நிறுத்துவார். ஊசி நிற்கும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பார். "சரி, இறங்கு" என்பார். அவ்வளவுதான் பிறந்தநாள். சின்ன வயதில் அதுவே அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. அப்பா தன்னை உற்றுப் பார்ப்பது அந்த ஒரு நாள்தானே. படிக்க வெளியூர் போனபிறகு போன் வரும். "எடை என்ன?" சாப்பிட்டாயா, சுகமா, ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி, அது முறிந்து, உடம்பு பெருத்து, தன்னைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காமல் இருந்த ஒரு பிறந்தநாளில் போன் மணி அடித்தது. "எடை என்ன?"

"நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்று அவள் கத்திவிட்டாள். "இனிமே இதைக் கேக்கறதுக்குன்னு எனக்கு போன் பண்ணாதீங்க." பிறகும் ஒவ்வொரு பிறந்தநாளும் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து அடித்து அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்படித்தான் அப்பாவும் அடங்கிப்போனார்.

இப்போது அந்த எடை மெஷின் கூடத்துக்கு வந்திருந்தது. துடைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டு, மெழுகு அப்பாவின் வலப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

"இன்னும் பொட்டு பிசகாம வேலை செய்யுது மேடம். ஏறிப் பாருங்க" என்றான் டிசைனர்.

ஏறினாள். போன வருஷம் வயிற்றில் ஓர் அறுவை சிகிச்சை. அதில் பாதி ஆளாகக் கரைந்துபோயிருந்தாள். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஊசி மெல்ல ஏறி, வட்டத்தில் கண்ணாடி கீறியிருந்த இடத்துக்கு நேராக நின்றது. இப்படிப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டதே என்று திடீரென்று அவளுக்கு அழுகை முட்டியது. சட்டென்று இறங்கிவிட்டாள்.

மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மெஷின்மேல் ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சாதாரண மூட்டை மாதிரி இல்லை. மேலே ஒடுங்கி, நடுவில் மடிந்து, ஒரு ஆள் நாற்காலியில் சாய்ந்திருக்கும் வாகில் தைத்திருந்தார்கள். நல்ல பூப்போட்ட துணி.

"ரோலர் கோஸ்டர் ஷெட்ல கிடைச்சது மேடம். ஐயா முதல் சுற்று போகும்போது பேலன்சுக்குப் பக்கத்துல வெச்சுக்குவாராம். நாளைக்கு முன்பெட்டியைக் கழட்டி இங்க கொண்டுவந்துடுவோம் இல்ல? அதுவரைக்கும் மெஷின்மேல இருக்கட்டுமேன்னு வெச்சேன். மெஷினுக்கும் ஒரு வேலை வேணுமே."

பெரியவள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கண்ணாடி கீறியிருந்த இடத்துக்கு நேராக நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"இதை யாரு எடுக்கச் சொன்னது?" என்று வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரோலர் கோஸ்டர் ஆபரேட்டர். கையில் துடைக்கும் துணியும் முகத்தில் கடுகடுப்புமாக நின்றார். "பாப்பா இல்லாம நாளைக்குக் காலையில வண்டியை எப்படி விடறது?"

"பாப்பாவா?" என்றாள் பெரியவள்.

"இதுதாம்மா. நாங்க எல்லாம் பாப்பான்னுதான் சொல்வோம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். காலையில பாப்பாவை ஏத்தி உட்கார வெச்சு, பெல்ட்டு போட்டு, அப்புறம்தான் ஐயா ஏறுவார். ஐயா போனப்புறமும் நாங்க நிறுத்தல. அவர் இடத்தைக் காலியா விட்டுட்டு, பக்கத்துல பாப்பாவை வெச்சு முதல் சுற்று விட்டுடுவோம். நிறுத்த மனசு வரல." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு பேர் உட்கார்ந்தா எப்படிச் சத்தம் வருமோ, வண்டி அப்படித்தான் சத்தம் போடுது."

டிசைனர் ஏதோ ஜோக் அடிக்க வாயைத் திறந்து, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து மூடிக்கொண்டான். அன்று அவன் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

"இதைத் தைச்சது யாரு?" என்று கேட்டாள் பெரியவள்.

பூங்காவில் எதைத் தைத்தாலும் தைக்கிறவர் ஒருவர்தான். வேஷ உடுப்பு அறையில், தலை இல்லாத கரடிகளுக்கும் வால் இல்லாத குரங்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்து கரடியின் காதுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார் தையலக்கா. பூங்கா திறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு.

"வாடி என் ராஜாத்தி! வந்து ரெண்டு நாளாச்சாம், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. பெரிய மனுஷி ஆயிட்டே. என்ன இப்படி இளைச்சுட்டே? கரடித் தோலைப் போர்த்தினாகூட உனக்குத் தொளதொளன்னு இருக்கும்போல."

"அக்கா, பாப்பாவைப் பார்த்தேன்."

தையலக்காவின் ஊசி நின்றது. சிரிப்பு மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"எங்க அப்பா வருஷா வருஷம் என்கிட்ட எடை கேட்டாரே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்க அம்மாகிட்டக் கேளேன்மா."

"அம்மா சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

தையலக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கரடியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் பேசினார்.

"திறப்பு விழாவுக்கு முதல் நாள். வண்டி ரெடி. யார் முதல்ல ஏறறதுன்னு எல்லாருக்கும் பயம். உங்க அப்பா, 'என் பொண்ணையே பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு நான் போறேன், அப்போ நம்புவீங்க இல்ல'ன்னார். நீங்க ரெண்டு பேரும் நான் நான்னு குதிச்சீங்க. சின்னவ முந்திக்கிட்டு ஏறிட்டா. நீ அழுதே. 'அடுத்த சுற்று உனக்கு'ன்னு உன் கன்னத்தைத் தட்டினார். நான் பக்கத்துலதான் நின்னேன்." அவர் கரடியின் மூக்கைத் துடைத்தார். "ஆள் விழாம மடிமேல இறக்கிப் பூட்டற அந்தக் கம்பி பெரியவங்க உடம்புக்குச் செஞ்சதும்மா. குழந்தை மடியில அது பட்டுக்கூட இருக்காது. வண்டி சுத்திட்டு வந்து நின்னுச்சு. கம்பி பூட்டினபடியே இருந்தது. உங்க அப்பா மட்டும் இருந்தார்."

பெரியவள் துணிக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கரடி அவள் தோளில் சாய்ந்தது.

"காய்ச்சல்னு சொல்லிட்டாங்க. நின்னிருந்த நாலு பேரும் வாயைத் திறக்கல. நானும்தான். திறப்பைத் தள்ளிப் போட்டாங்க. ஒரு நாள் உங்க அப்பா என்கிட்ட வந்து, ஒரு மணல் மூட்டை வேணும்னார். எவ்வளவு பெரிசுன்னு கேட்டேன். கையால காட்டினார்." தையலக்கா காற்றில் ஒரு சிறு குழந்தையின் உயரத்தைக் காட்டினார். "அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு தினமும் போனார். கம்பியை மாத்தினார், பெல்ட்டு வெச்சார், எல்லாத்தையும் அந்த மூட்டையை வெச்சுத்தான் சரி பார்த்தார். சரி, வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் உங்க பிறந்தநாளுக்கு வந்து, 'பாப்பா வளர்ந்துட்டா, கொஞ்சம் பெரிசாத் தைச்சுக் குடு'ன்னார். மணல் எவ்வளவு போடணும்னு கேட்டேன். உன் எடையைச் சொன்னார்."

வெளியே ஏதோ ராட்டினத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். பாட்டு வந்து வந்து நின்றது.

"அப்போ எல்லா வருஷமும் என்னை நிறுத்துப் பார்த்தது?" என்று கேட்டாள் பெரியவள்.

"அவளுக்காகத்தான்மா. ஒரே வயிறு, ஒரே நாள். நீ எப்படியோ அப்படித்தானே அவளும் இருந்திருப்பா?"

சொல்லிவிட்ட பிறகுதான் தையலக்காவுக்கு உறைத்தது. "ஐயோ, நான் ஒரு கூறு கெட்டவ" என்று பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவள் கையை விடுவிக்கவில்லை. பிறந்தநாளில் மூச்சுவிடாமல் ஊசியைப் பார்த்த அப்பாவின் முகம் கண்முன் வந்தது. தன்னை உற்றுப் பார்க்கிறார் என்று பூரித்துப்போன நாளெல்லாம் அவர் பார்த்தது வேறொருத்தியை.

"கடைசியா எப்போக்கா மணல் போட்டீங்க?"

"நீ போனை எடுக்காமப் போனதுலேர்ந்து போடலையே. கடைசியா நீ சொன்ன கணக்குத்தான்."

"அப்போ நான் குண்டா இருந்தேன்."

"ஆமா, நல்லா இருந்தே. மூட்டையைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்."

"இப்போ அது என் எடைதான் இருக்குக்கா. இன்னைக்கு என்ன எடையோ அது."

தையலக்கா அவளுடைய ஒட்டிப்போன கன்னத்தையும் தொங்கும் ரவிக்கையையும் ஏற இறங்கப் பார்த்தார். "தையல் விட்டு மணல் கொட்டியிருக்கும்" என்றார். தான் போட்ட தையல் விடாது என்று அவருக்கே தெரியும்.

வீடு பூங்காவின் பின்வாசலை ஒட்டியிருந்தது. சின்னவள் போனதிலிருந்து அந்த மதிலுக்கு இந்தப் பக்கமே குடியிருந்த அம்மா, அந்தப் பக்கம் காலடி வைத்ததில்லை. கூட்டம் ஆகாது, வெயில் ஆகாது என்று ஏதாவது சொல்வாள். ஊரில் எல்லாரும் அதை முதலாளியம்மாவின் கிராக்கி என்று நினைத்தார்கள். சாயங்காலம் பெரியவள் உள்ளே நுழைந்தபோது, மறுநாள் கூடத்தின் திறப்புக்குக் கட்டிக்கொள்ள வேண்டிய புடவையைக் கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சின்னவ எப்படிச் செத்தா?"

"காய்ச்சல்" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்தப் பதில் அவள் நாக்கு நுனியிலேயே காத்திருந்திருக்க வேண்டும்.

"தையலக்கா சொல்லிட்டாங்கம்மா."

அம்மா புடவையின் ஒரு மடிப்பை நீவினாள். மறுபடியும் நீவினாள். "நாளைக்கு ஊரே வருது. அவர் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாராமே. ஒரு நாளாவது சிரிச்சுட்டுப் போகட்டும். விடு."

"அவளுக்கு அந்தக் கூடத்துல ஒரு வரிகூட வேண்டாமா? எனக்குத்தான் இல்ல, அவளுக்காவது?"

"கேட்டா எடையைச் சொல்லியிருக்கலாம் இல்ல நீ?" அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் இல்லை, கோபம்தான் இருந்தது. "என்ன குறைஞ்சு போயிருப்பே? கடைசி நாள் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்."

"என்னையா?"

"எடையை."

பெரியவள் தன் பழைய அறையில் போய்ப் படுத்தாள். செத்தவள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் பொறாமைப்பட்டாள். சின்னவள் தினமும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் பறந்திருக்கிறாள். தான் தராசில் நின்றிருக்கிறாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் நேராக ரோலர் கோஸ்டர் மேடைக்குப் போனாள். அன்றைய முதல் சுற்று முடிந்ததும் முன்பெட்டியைக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிடுவார்கள். அது அந்தப் பெட்டியின் கடைசிச் சுற்று. ஆபரேட்டர் பாப்பாவைக் கூடத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து ஏற்றியிருந்தார். முன்பெட்டியில், கம்பிக்குப் பின்னால், பூப்போட்ட துணியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து இடம் காலி.

"நான் ஏறப்போறேன்" என்றாள் பெரியவள்.

"வேண்டாம்மா. உங்களை மட்டும் ஏத்தவே கூடாதுன்னு ஐயா உத்தரவு."

"ஐயாகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். "ஐயா இடுப்பு பெல்ட்டைக் கழட்டிப் பாப்பாவைக் கட்டுவாரு. எத்தனை கம்பி போட்டாலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. இந்தாங்க" என்று ஆணியில் தொங்கிய பழைய தோல் பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். பெரியவள் அதை மூட்டையின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். கம்பி மடியில் இறங்கிப் பூட்டியது.

சங்கிலி இழுக்க, வண்டி கடகடவென்று மேட்டில் ஏறியது. பூங்கா காலடியில் சுருங்கியது. வீட்டு மாடி தெரிந்தது, மதில் தெரிந்தது. ஏறுகிற சாய்வில் மூட்டை மெல்லச் சரிந்து அவள் தோளில் ஒட்டியது. எடைக்கு எடை. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த மணல் சில்லென்று இருக்க வேண்டும். ஆனால் துணிக்கு உள்ளிருந்து கதகதவென்று சூடு ஏறியது. "நகர்ந்து உட்காருடி" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு பயந்துபோனாள்.

உச்சியில் வண்டி ஒரு நொடி நின்றது போலிருந்தது. பிறகு உலகம் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது.

கத்தினாளா என்று தெரியாது. கை மட்டும் அவளைக் கேட்காமல் பக்கத்தில் பாய்ந்து மூட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தது. அப்போதுதான் அப்பா அவளுக்குப் புரிந்தார். காலையில் தவறாமல் அவர் ஏறியது விருந்தினருக்காகவும் இல்லை, வீரத்துக்காகவும் இல்லை. இந்த இறக்கத்தில் இந்தக் கையை நீட்டுவதற்காக. ஒரே ஒரு தடவை நீட்டத் தவறிய கையை ஆயுசு முழுக்க, தினமும், இந்த இடத்தில் நீட்டினார். "நான் பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று அவள் காற்றில் அலறினாள். அப்பாமேல் இருந்த கோபம் அந்த இறக்கத்திலேயே எங்கோ விழுந்து தொலைந்தது. அந்த நேரத்தில்தான், அணைத்த கைக்குள் இருந்த கனம் குறைய ஆரம்பித்தது.

வண்டி வந்து நின்றபோது ஆபரேட்டர் கம்பியைத் தூக்கவில்லை. அப்படியே நின்றார். பக்கத்து இடத்தில் பூப்போட்ட துணி துவண்டு கிடந்தது. பெல்ட்டு கட்டியபடி இருந்தது. தையல் ஒன்றும் விடவில்லை. இருக்கையில், தரையில், தண்டவாளத்தில் எங்கும் ஒரு பொட்டு மணல் இல்லை. ஆபரேட்டர் பாதை நெடுகப் போய்க் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இனிமே இந்த வேலை எனக்கு வேண்டாம்மா" என்றார்.

முன்பெட்டியைக் கழற்றிக் கூடத்தில் மெழுகு அப்பாவின் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். வாசலில் ரிப்பன் கட்டியாயிற்று. வெளியே கூட்டத்தின் இரைச்சல். அம்மா வந்தாள். புதுப் புடவையும் கைத்தடியுமாக, சின்னவள் போனபின் முதல் தடவையாக மதிலைத் தாண்டி நடந்து வந்து, மெழுகு அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்பெட்டி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

டிசைனருக்கு வேறு கவலை. "மெஷின்மேல வைக்க ஒண்ணும் இல்லாமப் போச்சே மேடம். ஊசி சும்மா பூஜ்யத்துல நின்னா நல்லாவா இருக்கு? பெட்டியைக் கொண்டுவரும்போது மெஷின்மேல இடிச்சுட்டாங்க வேற. வேலை செய்யுதான்னு ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்."

பெரியவளுக்குத் தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. உடம்பு என்னவோ போல், தூக்கி நடக்க முடியாமல் கனத்தது. மறுத்துப் பேசவும் தெம்பில்லை. ஏறி நின்றாள்.

ஊசி கிளம்பியது. கண்ணாடி கீறியிருந்த இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. அதைத் தாண்டி, நிதானமாக, தெரிந்த வழியில் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு ஆள் கனத்தில் வந்து நின்றது.

"அட, கெட்டுப்போச்சு போலிருக்கே" என்று டிசைனர் கண்ணாடியைத் தட்டினான். ஊசி அசையவில்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து வந்தாள். கைத்தடியை நாற்காலியிலேயே விட்டிருந்தாள். மெஷினின் முன்னால் நின்று ஊசியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில், ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த வயதெல்லாம் எங்கோ போயிருந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கோடு தகரக் கொட்டகையின் வாசலில் நிற்பவள்போல் நின்றாள்.

"ஒருத்தி இறங்குங்கடி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அம்மா இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டது அப்போதுதான். இந்தத் தடவை சண்டை போடாமல், முந்திக்கொள்ளாமல், பெரியவள் இறங்கினாள்.

ஊசி பாதி தூரம்தான் இறங்கியது.